நாற்பது கோடியைப் பங்கு போடுவது எப்படி?

நாற்பது கோடியைப் பதினைந்தால் வகுத்தால் ஆளுக்கு இரண்டு கோடியே அறுபத்தாறு லட்சத்துச் சொச்சம். 2025 நவம்பர் 3, திங்கட்கிழமைக் காலை, நெருள் ஸ்டேஷனிலிருந்து ஹார்பர் லைன் வண்டியில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டிருப்பார்களோ! தூக்கம் கெட்ட கண்களோடுதான் போட்டிருப்பார்கள். முந்தைய நாள் மழையால் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம், நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. நெருள் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் இந்தியா 7 விக்கெட்டுக்கு 298. தென்னாப்பிரிக்கா 246. ஷஃபாலி வர்மா 87 ரன், 2 விக்கெட். தீப்தி சர்மா 58 ரன், 5 விக்கெட். கடைசிக் கேட்சைப் பிடித்தவர் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர். 52 ரன் வித்தியாசத்தில் இந்தியப் பெண்களுக்கு முதல் உலகக் கோப்பை.

கோப்பையோடு வந்த காசோலை 44.8 லட்சம் டாலர். அதுதான் அந்த 40 கோடி ரூபாய். இரண்டு ஆண்டுக்கு முன் ஆண்கள் உலகக் கோப்பையை அகமதாபாத்தில் ஜெயித்த ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது 40 லட்சம் டாலர். மொத்தத் தொகையிலும் அப்படித்தான்: ஆண்களுக்கு 1 கோடி டாலர், பெண்களுக்கு 1 கோடியே 38.8 லட்சம் டாலர். 2022-இல் பெண்கள் உலகக் கோப்பையின் மொத்தப் பணமே 35 லட்சம் டாலர்தான். அதில் சாம்பியனுக்கு 13.2 லட்சம்.

மறுநாளே வேறொரு வகைப் பணம் வரத் தொடங்கியது. கிரிக்கெட் வாரியம் 51 கோடி ரூபாய் அறிவித்தது. மகாராஷ்டிர அரசு தன் மாநிலத்து ஸ்மிருதி மந்தானா, ஜெமிமா ரோட்ரிக்ஸ், ராதா யாதவ் மூவருக்கும் தலா 2.25 கோடி. ஆந்திரம் ஸ்ரீ சரணிக்கு 2.5 கோடியும் குரூப்-1 வேலையும். மத்தியப் பிரதேசம் கிராந்தி கவுடுக்கு 1 கோடி. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கூட்டிப்போட்டு 'பரிசு மழை' என்று தலைப்பு வைத்தன. நம் பத்திரிகைகளுக்குப் பரிசு என்றாலே மழைதான்.

ஆனால் இந்த இரண்டு பணமும் ஒன்றல்ல. முதலாவது, ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைக்கப்பட்டது. ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு, லீக்கில் ஒரு வெற்றிக்கு 34,314 டாலர், கலந்துகொண்டாலே ஒவ்வோர் அணிக்கும் இரண்டரை லட்சம். யார் முகத்தையும் பார்க்காத பணம் அது. இரண்டாவது, ஜெயித்த பிறகு மனம் மகிழ்ந்து தருவது. தரலாம், தராமலும் இருக்கலாம். கூட்டலாம், குறைக்கலாம். இந்த வித்தியாசம் நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியர் காலத்திலேயே தமிழர்கள் இதற்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள்.

மாடு பிடித்தவனுக்கு எத்தனை மாடு?

வெட்சித் திணையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ஆநிரை கவர்தல்' என்ற அளவில்தான் ஞாபகம் இருக்கும். அதன் துறைகள் ஒரு படையெடுப்பின் நிகழ்ச்சி நிரல் மாதிரியே வரிசையாகப் போகின்றன. படை புறப்படும், நற்சொல் கேட்கும், ஒற்றர் போய் வேவு பார்த்து வருவர், மாடுகளைக் கவர்வர், அவை நோகாமல் ஊருக்கு ஓட்டி வருவர். கடைசி மூன்று துறைகள்: பாதீடு, உண்டாட்டு, கொடை.

பாதீடு என்பது கவர்ந்து வந்த மாடுகளைப் பங்கிடுவது. புறப்பொருள் வெண்பாமாலை இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது: அவரவர் செய்த வேலையை அறிந்து அவரவர்க்குக் கொடுக்க வேண்டும். வாளெடுத்துச் சண்டையிட்டவனுக்கு மட்டுமல்ல, வேவு பார்த்தவனுக்கும் நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பங்கு உண்டு. பங்கு முடிந்த பிறகுதான் உண்டாட்டு, அதாவது கள்ளும் களிப்பும். அதற்கும் பிறகுதான் கொடை. தன் பங்கிலிருந்து கேட்டு வந்தவர்க்கு மகிழ்ந்து கொடுப்பது அது. உரிமை முதலில், விருந்து நடுவில், தாராளம் கடைசியில்.

ஐரோப்பாவிலும் பரிசுப் பணம் பிறந்தது விளையாட்டு மைதானத்தில் அல்ல, கொள்ளையில்தான். எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதை ஏலம் விட்டு வந்த தொகையைக் கப்பலில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஆங்கிலேயர் முதலில் அந்தப் பெயரை வைத்தனர். 1708-இல் நாடாளுமன்றச் சட்டமே வந்தது. தொகையை எட்டாகப் பிரிப்பார்கள். கேப்டனுக்கு மூன்று பங்கு, அதில் ஒன்றை அவருக்கு ஆணையிட்ட அட்மிரலுக்குத் தரவேண்டும். நூற்றுக்கணக்கான சாதாரண மாலுமிகள் சேர்ந்து எடுத்துக்கொள்வது இரண்டு பங்கு. 1762-இல் ஹெர்மயோனி என்ற ஸ்பானியக் கப்பல் சிக்கியபோது, அதைப் பிடித்த கேப்டன்களுக்கு ஆளுக்குச் சுமார் 65,000 பவுண்ட். மாலுமிக்குச் சுமார் 480 பவுண்ட். கேட்க அநியாயமாக இருக்கிறது. ஆனால் அது ஒரு மாலுமியின் முப்பது வருஷச் சம்பளத்துக்கும் மேல்! அந்த ஆசையில்தான் அந்தக் கடற்படை ஓடியது. பிரிட்டன் இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு முடித்தது 1948-இல்தான்.

தரையிலும் அதே கதை. அது நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தானின் பொக்கிஷத்தைப் பங்கு போட மதராஸ் படையின் அதிகாரிகள் குழு ஒன்று உட்கார்ந்தது. தங்கத் தகடு போர்த்த சிம்மாசனம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. அதன் புலித்தலை இன்று வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. படைத்தலைவர் ஜெனரல் ஹாரிஸ் எட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 1,43,000 பவுண்ட். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லிக்கு 4,000 பவுண்ட் அளவில். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 7 பவுண்ட். அதே சுவரை அதே வெயிலில் ஏறிய மதராஸ் சிப்பாய்க்கு, நம் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும், 5 பவுண்ட். வேலையை அறிந்து கொடுத்த பங்கு அல்ல அது. தோலை அறிந்து கொடுத்தது.

மும்பைக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 1817-18 மராட்டியப் போரில் பேஷ்வாவின் செல்வம் கைக்கு வந்ததும், களத்தில் இருந்த ஹிஸ்லாப்பின் தக்காணப் படைக்கா, எங்கோ வடக்கே இருந்த கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் பெரும்படைக்கா என்று லண்டனில் வருஷக்கணக்காக வழக்காடினார்கள். கைப்பற்றியதில் தனியார் பணமும் உண்டு என்று பேஷ்வாவின் பழைய அதிகாரி ஒருவர் தரப்பு பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1830-இல் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. போரில் எடுத்ததைப் பற்றிக் கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லையாம்! பரிசுப் பணத்தின் பூர்வீகம் இவ்வளவு கௌரவமானது.

வேண்டாம் என்றவர்கள்

போட்டி வைத்து, தொகை அறிவித்து, ஜெயித்தவருக்குத் தருவது என்ற ஏற்பாட்டுக்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பாண்டியனின் ஆயிரம் பொற்காசு. கேள்வி முன்பே அறிவிக்கப்பட்டது, தொகையும் முன்பே கட்டித் தொங்கவிடப்பட்டது. நாகேஷ் 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் தருமியாகப் புலம்பிப் புலம்பி, அந்தப் பொற்கிழியை நம் வீட்டுச் சமாச்சாரமாக்கிவிட்டார். அடுத்தவர் எழுதிய பாட்டைத் தன் பெயரில் கொண்டுபோனவரும் அவரே என்பதைக் கவனியுங்கள். பரிசுத்தொகையும் பினாமியும் ஒரே நாளில்தான் பிறந்திருக்கின்றன.

ஆனால் சங்கப் புலவர்களில் மறு துருவமும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடி மலை பல கடந்து வந்த பெருஞ்சித்திரனாருக்கு, அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். புலவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. பாட்டைக் கொடுத்துக் காசை வாங்கிப் போக நான் வியாபாரியா? தினையளவாக இருந்தாலும் என் தகுதியை அறிந்து தந்தால் போதும் என்கிறார். புறநானூற்றில் அது 208-ஆம் பாட்டு. தொகையில் அவருக்குக் குறையில்லை. தன்னைப் பார்க்காமல் தந்ததில்தான் குறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து இந்தக் கௌரவத்தை வேறு விதமாக வளைத்தது. பணத்துக்கு ஆடாதவன் கனவான், பணம் வாங்குபவன் ஆட்டக்காரன். இருவருக்கும் கிரிக்கெட் மைதானத்தில் தனித்தனி வாசல். இங்கிலாந்தில் இந்தப் பிரிவினை 1962 வரை நீடித்தது. வீட்டில் சொத்து உள்ளவன் மட்டுமே காசு வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதைக் கனவான்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜிம் தார்ப் 1912 ஒலிம்பிக்கில் வாங்கிய இரண்டு தங்கத்தை, கொஞ்சம் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காகப் பறித்துக்கொண்டார்கள்.

நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் இந்தக் காலத்தின் கடைசி வரிசையில் நின்றவர். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. அதற்குச் சற்று முன்புதான் ஜாக் கிராமர் தன் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். மூன்றாண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர். அந்நாளில் அது மயிலாப்பூரில் தெருவையே வாங்கக்கூடிய பணம். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். போயிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியிருக்க முடியாது. 1966-இல் இந்தியா அதன் இறுதிச் சுற்றுக்கு வந்ததற்கு அவர்தான் முக்கியக் காரணம்.

இரண்டே வருஷத்தில், 1968-இல், விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. ராட் லேவருக்கு 2,000 பவுண்ட். பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750. அமெச்சூர்களுக்குப் பணத்தை ஒளித்துத் தந்த காலம் போய் வெளிப்படையாகத் தந்ததும், முதலில் கண்ணில் பட்டது இந்த வித்தியாசம்தான். 1970-இல் லாஸ் ஏஞ்சலஸில் அதே ஜாக் கிராமர் நடத்திய போட்டியில் ஆண்களுக்கு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500. ஒன்பது பெண்கள் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஹூஸ்டனில் தங்கள் போட்டியைத் தாங்களே தொடங்கினார்கள். அமெரிக்க ஓபன் 1973-இல் சமமாக்கியது. விம்பிள்டனுக்கு 2007 வரை மனசு வரவில்லை.

அன்ரிசர்வ்ட் பெட்டி

பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை ஆண்களுடையதைவிட இரண்டு வயது மூத்தது. 1973-இல் ஜாக் ஹேவர்ட் என்ற ஒரு பிரிட்டிஷ் செல்வந்தர் 40,000 பவுண்ட் கொடுத்ததால் நடந்தது. முழுக்கக் கொடைதான், பாதீடே கிடையாது. இந்தியாவில் அதே ஆண்டு பெண்கள் கிரிக்கெட் சங்கம் பிறந்தது. முதல் கேப்டன் சாந்தா ரங்கசாமி மதராஸில் பிறந்தவர். முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் கிட்பேக்கின் மேல் உட்கார்ந்து பயணம் செய்ததையும், தரையில் படுத்துத் தூங்கியதையும் அந்தத் தலைமுறை பலமுறை பேசியிருக்கிறது. அந்நாளில் ஜெயித்தால் கிடைக்கும் பெரிய பரிசு பணமல்ல, ரயில்வே வேலை. டயானா எடுல்ஜி மேற்கு ரயில்வே. மித்தாலி ராஜும் ரயில்வேதான். ஹர்மன்பிரீத்தும் சில ஆண்டுகள் மும்பையில் மேற்கு ரயில்வே ஊழியராக இருந்தவரே. மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர்களிடம் ரயில்வே உத்தியோகத்தின் மதிப்பை விளக்கத் தேவையில்லை.

ஆண்களும் ஒரு காலத்தில் கொடையை நம்பியே இருந்தார்கள். 1983-இல் கபில்தேவ் அணி கோப்பையோடு திரும்பியபோது வாரியத்திடம் தரப் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் கச்சேரி நடத்தித் தந்த பணத்தில்தான் ஆளுக்கு ஒரு லட்சம் கிடைத்தது. பெண்களுக்கு அந்தக் கச்சேரியும் நடக்கவில்லை. 2005 உலகக் கோப்பையில் இறுதிச் சுற்றுவரை அணியை அழைத்துப் போன மித்தாலி ராஜ், தமிழ்க் குடும்பத்துப் பெண், ஒரு மேட்சுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாகப் பின்னாளில் சொன்னார். 2006-இல் பெண்கள் சங்கம் வாரியத்தோடு இணைந்தது. 2017-இல் லார்ட்ஸில் 9 ரன்னில் தோற்று வந்த அணிக்கு ஆளுக்கு 50 லட்சம் அறிவித்தார்கள். அதுவும் கொடை. எழுதி வைத்த உரிமை வந்தது 2022 அக்டோபரில்: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம், ஆணுக்கும் பெண்ணுக்கும். அடுத்த ஆண்டு டர்பன் கூட்டத்தில் உலகக் கோப்பைப் பரிசுகளையும் சமமாக்க ஐ.சி.சி. முடிவு செய்தது.

நெருள் ஸ்டேடியத்தின் சுருக்கமான வரலாற்றிலேயே இதன் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2008 ஜூன் 1, முதல் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் இங்கேதான். கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் தோற்றது சென்னை. 2010-இல் இதே மைதானத்தில் மும்பையை 22 ரன்னில் வென்று சென்னை கோப்பையைப் பிடித்தபோது, க்ரீக் தாண்டி வந்து குடியேறிய நம்மவர்கள் எந்தப் பக்கம் கை தட்டினார்கள் என்று கேட்கக் கூடாது. அந்த ஐ.பி.எல். சாம்பியனுக்கு இன்று 20 கோடி. 2023-இல் இதே நெருளில் தொடங்கிய பெண்கள் லீகின் சாம்பியனுக்கு 6 கோடி. நெருளில் கோப்பை வென்ற அன்று வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தத்தில் பெண்களின் உச்ச கிரேடுக்கு 50 லட்சம், ஆண்களின் உச்ச கிரேடுக்கு 7 கோடி. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தரும் சமத்துவம்தான் இருப்பதிலேயே மலிவான சமத்துவம்.

பதினைந்து பேரில் பதினாறாவது

பிரதிகா ராவல் விஷயத்துக்கு வருவோம். அக்டோபர் 23 அன்று நெருளில் நியூசிலாந்துக்கு எதிராக 122. மூன்று நாள் கழித்து அதே புல்வெளியில் ஃபீல்டிங்கில் கால் பிசகியது. அவருக்குப் பதிலாக வந்தவர்தான் ஷஃபாலி வர்மா. தொடரில் 308 ரன் எடுத்திருந்த பிரதிகா, இறுதி நாளில் சக்கர நாற்காலியில் வந்து கொண்டாட்டத்தில் கலந்துகொண்டார். கழுத்தில் பதக்கம் இல்லை. விதிப்படி பதக்கம் இறுதிப் பட்டியலில் உள்ள பதினைந்து பேருக்குத்தான். ஊர் முழுக்கக் கேட்ட பிறகு, ஐ.சி.சி. தலைவர் ஜெய் ஷா தலையிட்டுப் பதக்கத்துக்கு ஏற்பாடு செய்தார்.

வெட்சிப் படையில் பாதி வழியில் காயம்பட்டவனுக்குப் பங்கு உண்டா? அவரவர் வேலையை அறிந்து என்ற விதியைப் பிடித்துக்கொண்டால், உண்டு என்றுதான் படுகிறது. வாரியத்தின் 51 கோடி அறிவிப்பில் பயிற்சிக் குழுவும் தேர்வுக் குழுவும் சேர்க்கப்பட்டிருந்தன. ஒற்றனுக்கும் நிமித்தம் சொன்னவனுக்கும் பங்கு போட்ட மாதிரிதான். (நம் தேர்வாளர்களை நிமித்தகர்கள் என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.) இந்த மும்பையில், மனிதக் கோபுரம் ஏறி உறியடிக்கும் தஹி ஹண்டி மண்டல்களுக்கும் இதே தலைவலி. 2025 ஆகஸ்டில் தாணேயில் கொங்கண் நகர் கோவிந்தாக்கள் பத்து அடுக்கு ஏறி 25 லட்சம் பெற்றார்கள். போட்டோவில் விழுவது உச்சியில் நிற்கும் பிள்ளை. எடையைச் சுமப்பவர்கள் அடியில் வட்டமாகத் தோள் கொடுப்பவர்கள். பரிசு ஏற ஏற உயரமும் ஏறியது. உச்சியில் நிற்கும் பிள்ளையின் வயதைப் பற்றி ஐகோர்ட் பேச வேண்டி வந்ததும் அதனால்தான்.

கொடையின் சிக்கல் வேறு. நெருள் இறுதிக்குச் சில நாள் முன்பு பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி. கபடி இறுதியில் ஈரானை 75-21 என்று நசுக்கிய இந்தியப் பெண்கள் அணியின் துணை கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தமிழக அரசு 25 லட்சம் தந்தது. உடனே கேள்வி கிளம்பியது: 2024-இல் உலகச் செஸ் சாம்பியன் ஆன குகேஷுக்கு 5 கோடி தந்தார்களே, கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்கு ஒரு கோடி என்றார்களே, கண்ணகி நகருக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? இளையோர் போட்டியும் உலகச் சாம்பியன் பட்டமும் ஒன்றா என்று எதிர்வாதமும் வந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. குகேஷ் சிங்கப்பூர் பலகையிலேயே 13.5 லட்சம் டாலர் ஜெயித்திருந்தார். ஒரு வெற்றிக்கு 2 லட்சம், மீதி சரிபாதி என்று விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, வருமான வரி எவ்வளவு போகும் என்ற கேலிதான் ஓடியது. சண்டை வந்ததெல்லாம் அரசு தந்த பணத்தில்தான். ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்று தமிழக அரசு முன்கூட்டியே அறிவித்து வைத்ததைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை.

அரசர்கள் கொடையை விரும்புவதில் ஆச்சரியமில்லை. பாதீட்டுக்குப் புகைப்படம் கிடையாது. வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறிவிடும். கொடைக்குப் பெரிய அட்டைக் காசோலை உண்டு, சால்வை உண்டு, பக்கத்தில் நிற்பவர் யார் என்பது உண்டு. இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டின் ஐம்பது வருஷத்தில் நிஜமாக நடந்த மாற்றம், தொகை ஆயிரத்திலிருந்து கோடிக்குப் போனது அல்ல. அட்டைக் காசோலையிலிருந்து அட்டவணைக்குப் போனதுதான்.

அதில் மிச்சமிருந்த பெரிய ஓட்டை உள்ளூர் ஆட்டம். 2023 ஏப்ரலில் ரஞ்சிக் கோப்பைப் பரிசை 5 கோடியாக உயர்த்தியபோது, பெண்களின் ஒருநாள் கோப்பைப் பரிசும் 6 லட்சத்திலிருந்து 50 லட்சமானது. ஆனால் பரிசு ஒரே ஓர் அணிக்குத்தான் போகும். இந்தியத் தொப்பி கிடைக்காமலே பதினைந்து வருஷம் மாநிலத்துக்காக ஆடும் நூற்றுக்கணக்கான பெண்கள் கையில் வாங்குவது நாள் சம்பளம். ஆண்களுக்கு அது 40,000 முதல் 60,000 ரூபாய் வரை இருந்தபோது, பெண்களுக்கு 20,000. நெருள் இறுதி முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2025 டிசம்பரில், வாரியம் அதை 50,000 ஆக்கியது. பெஞ்சில் உட்காருபவர்களுக்கும் 25,000.